மூளைக் காயத்திலிருந்து மீளும் பிள்ளைக்கு வீட்டில் உடலியக்கப் பயிற்சி: திருகோணமலைப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

வீதி விபத்தில் தலையில் அடிபட்ட பிள்ளை, கடலிலோ குளத்திலோ மூழ்கி மூச்சு நின்று மீட்கப்பட்ட பிள்ளை, மூளைக்காய்ச்சலுக்குப் பின் கண் விழித்த பிள்ளை என எவராயினும், வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பும்போது பெற்றோர் முதலில் கேட்பது, இனி எப்போது பழையபடி நடக்கும் என்பதுதான். அதற்கு நாள் குறித்துப் பதில் சொல்ல எந்த வைத்தியராலும் இயலாது. காயம் ஏற்பட்ட இடம், அதன் அளவு, பிள்ளையின் வயது, நினைவின்றிக் கிடந்த காலம் என்று பல காரணங்கள் அதில் கலந்திருக்கின்றன. அவற்றுள் எதையும் நம்மால் மாற்ற முடியாது. மாற்றக்கூடியது ஒன்று உண்டு. வீட்டுக்கு வந்த பிறகு பிள்ளை ஒரு நாளில் எத்தனை தடவை தானாக அசைய முயல்கிறது என்பதே அது.

மூளையில் அழிந்த பகுதி மீண்டும் முளைப்பதில்லை. எஞ்சியிருக்கும் நரம்புப் பாதைகள் புதிய இணைப்புகளை ஏற்படுத்திக்கொண்டு, இழந்த வேலையின் ஒரு பங்கை ஏற்றுக்கொள்கின்றன. அந்த இணைப்பு உறுதிப்பட வேண்டுமானால், பிள்ளைக்குப் பொருளுள்ள ஒரு வேலையின் பகுதியாக, ஒரே அசைவு பல நூறு தடவை செய்யப்பட வேண்டும். திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் இயன்மருத்துவப் (பிசியோதெரபி) பிரிவுக்குக் கிழமையில் ஒரு நாள் சென்று வந்தால் கிடைப்பது சிறிது நேரப் பயிற்சிதான். மூதூரிலிருந்தோ வெருகலிலிருந்தோ குச்சவெளியிலிருந்தோ பஸ் ஏறி வரும் குடும்பத்துக்கு அந்த ஒரு நாளும் எளிதானதன்று; பயணக் களைப்பிலேயே பிள்ளை பாதி சோர்ந்துவிடும். ஆகவே மீதி எண்ணிக்கை வீட்டில்தான் நிறைவேற வேண்டும். தூக்குவது, இருத்துவது, ஊட்டுவது, குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது ஆகிய அன்றாட வேலைகளைச் செய்யும் விதத்தை மாற்றினால், பயிற்சிக்கென்று தனியாக ஒதுக்க வேண்டிய நேரம் மிகக் குறைவு.

டிக்கட் வெட்டுவதற்கு முன்

வீட்டுக்கு அனுப்பும் நாளில் எல்லோரும் அவசரத்தில் இருப்பார்கள். அதற்கு முதல் நாளே சில விடயங்களை வைத்தியரிடமும் இயன்மருத்துவரிடமும் கேட்டு, ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். மண்டையோட்டின் ஒரு துண்டு அகற்றப்பட்டிருக்கிறதா என்பது முதற்கேள்வி. அகற்றப்பட்டிருந்தால், அந்தப் பக்கமாகப் படுக்க வைக்கலாமா, இருக்கும்போதும் நிற்கும்போதும் தலைக்கவசம் தேவையா என்பதை அறியாமல் எந்தப் பயிற்சியையும் தொடங்கக் கூடாது. மூளை நீரை வடிக்கும் குழாய் பொருத்தப்பட்டிருக்கிறதா, கை கால்களில் எலும்பு முறிவு இருந்ததா, இருந்தால் அந்தக் காலில் எப்போது பாரம் கொடுக்கலாம், நீரும் சோறும் பாதுகாப்பாக விழுங்குகிறதா என்று பரிசோதிக்கப்பட்டதா என்பவை அடுத்தவை.

மருந்துகளைப் பற்றி ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். தசை இறுக்கத்துக்குத் தரப்படும் பக்லோஃபென் குளிசையையும், வலிப்புக்கான மருந்துகளையும் திடீரென்று நிறுத்துவது ஆபத்தானது. கடுமையான வலிப்பு வரக்கூடும். கிளினிக் நாள் தள்ளிப்போனாலும் மருந்து தீர்ந்துபோக விடாதீர்கள். டயக்னோசிஸ் கார்டைப் படம் பிடித்துத் தொலைபேசியிலும் வைத்திருங்கள். இரவில் கிண்ணியாவிலோ கந்தளாயிலோ வேறொரு வைத்தியசாலைக்கு ஓட நேர்ந்தால் அது உதவும்.

இயன்மருத்துவர் காட்டித் தரும் பயிற்சிகளைப் பார்த்துக்கொண்டு நின்றால் போதாது. அவர் முன்னிலையில் நீங்களே ஒரு தடவை செய்யுங்கள். கூட வந்தவர் அதைக் காணொளியாக எடுக்கட்டும். அவர் கையைத் திருத்திய இடங்களும் அதில் பதிவாகும். வீட்டில் பாட்டியும் சித்தியும் அண்ணனும் அதைப் பார்த்தே பழகலாம்.

படுக்கை, இருக்கை, தூக்கும் முறை

நாள் முழுவதும் மல்லாந்து கிடக்கும் பிள்ளையின் பாதம் கீழ்நோக்கி மடங்கி, குதிகாலுக்கு மேலுள்ள தசைநார் சுருங்கத் தொடங்கும். தொடைகள் ஒன்றையொன்று கத்தரிபோலக் குறுக்கிடும், அல்லது தவளைக்கால்போல வெளியே சரியும். இந்தச் சுருக்கம் சில கிழமைகளிலேயே ஏற்பட்டுவிடும். நீக்குவதற்கோ மாதங்கள் ஆகும், சில வேளைகளில் சத்திரசிகிச்சையும் தேவைப்படும். எனவே, நடைப்பயிற்சி தொடங்கும் முன்னரே கவனிக்க வேண்டியது படுக்கை.

பக்கவாட்டில் படுக்க வைத்து, முழங்கால்களுக்கிடையே ஒரு தலையணையும், முதுகுக்குப் பின்னால் சுருட்டிய போர்வையும் வையுங்கள். மேலே இருக்கும் கையை முன்னே கொண்டுவந்து இன்னொரு தலையணையில் தாங்குங்கள். தலையும் முதுகெலும்பும் ஒரே கோட்டில் இருக்கட்டும். தானாகப் புரள இயலாத பிள்ளையை இரவிலும் பகலிலும் 2 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை திருப்பிவிடுங்கள். திருப்பும்போதெல்லாம் குதிகால், இடுப்பெலும்பு, பின்தலை, முதுகின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இருக்கைக்கு நம் வீடுகளில் கிடைப்பது பெரும்பாலும் பெரியவர்களுக்கான பிளாஸ்டிக் கதிரைதான். அதில் இருத்தினால் பிள்ளையின் இடுப்பு முன்னே வழுக்கி, முதுகு வளைந்து, கால் அந்தரத்தில் தொங்கும். அந்த நிலையில் தலையை நிமிர்த்துவதற்கே அதன் பலம் எல்லாம் செலவாகிவிடும். கையால் ஒன்றைப் பிடிப்பதற்குப் பலம் மிஞ்சாது. நல்ல இருக்கையில் இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகிய மூன்றும் ஏறத்தாழச் செங்கோணத்தில் மடிந்திருக்கும், பாதம் முழுவதும் தரையிலோ பலகையிலோ பதிந்திருக்கும், முன்னால் உள்ள மேசை முழங்கை உயரத்தில் இருக்கும். ஊரில் உள்ள தச்சுத் தொழிலாளி ஒருவரால் இதை எளிதில் செய்து தர முடியும். பிள்ளையை இருத்தி, முதுகுப் பக்கத்திலிருந்து முழங்காலின் பின்புறம் வரை அளந்து, அதில் இரண்டு விரல் அகலம் குறைத்தால் இருக்கையின் ஆழம் வரும். முழங்காலின் பின்புறத்திலிருந்து குதிகால் வரை அளந்தால் உயரம் வரும். அளவை இயன்மருத்துவரிடமோ, அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் தொழில்வழி சிகிச்சையாளரிடமோ ஒரு தடவை காட்டிவிட்டு மரம் வாங்குங்கள். பணம் இல்லாதவர்கள், இரண்டு சுவர்கள் சந்திக்கும் மூலையில் பாய் விரித்து, இருபுறமும் தலையணை வைத்து இருத்தலாம். சக்கர நாற்காலி, நடைச்சட்டம் போன்றவை தேவையானால் உங்கள் பிரதேச செயலகத்தில் உள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடம் வைத்தியரின் கடிதத்துடன் விண்ணப்பிக்க முடியுமா என்று விசாரியுங்கள்.

பலவீனமான கையைப் பிடித்து இழுத்து எழுப்புவது மிகவும் பரவலாக நடக்கும் தவறு. தோள்மூட்டைத் தாங்கும் தசைகள் தளர்ந்திருக்கையில் அப்படி இழுத்தால் மூட்டு இறங்கி, பிறகு மாதக்கணக்கில் வலிக்கும். வலிக்கும் கையைப் பிள்ளை பயன்படுத்தாது. படுக்கையிலிருந்து எழுப்பும்போது முதலில் பக்கவாட்டில் திருப்பி, கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கி, தோள்பட்டைக்குப் பின்னால் உங்கள் கையைக் கொடுத்து, ‘தள்ளு மகன், கையை ஊன்று’ என்று சொல்லிக் காத்திருங்கள். சிறிதளவாவது அதன் பலத்தில் எழுந்தால், அந்த ஒரு தடவை எழுந்ததே ஒரு பயிற்சியாகிறது.

இறுகிய தசைகளைக் கையாளுதல்

மூளைக் காயத்தால் இறுகும் தசைக்கு ஓர் இயல்பு உண்டு: வேகமாக நீட்டினால் மேலும் இறுகும், மெதுவாக நீட்டினால் விட்டுக்கொடுக்கும். கணுக்காலை நீட்டும்போது பாதத்தின் நுனியைப் பிடித்துத் தள்ளாதீர்கள். அப்படிச் செய்தால் பாதத்தின் நடுப்பகுதி வளையுமேயன்றித் தசைநார் நீளாது. குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, உங்கள் முன்கை பாதத்தின் அடியில் படும்படி வைத்து, முழங்கால் நீட்டியபடி இருக்க, மெல்ல மேல்நோக்கிக் கொண்டு செல்லுங்கள். தடை தெரியும் இடத்தில் நிறுத்தி, 30 வினாடிக்குக் குறையாமல் பிடித்திருங்கள். பிள்ளை முகம் சுளித்தால் சற்றுத் தளர்த்துங்கள். தொடையின் உட்புறத் தசை, முழங்காலின் பின்புறத் தசை, முழங்கை, மணிக்கட்டு, விரல்கள் என்று உங்களுக்குக் காட்டித் தந்த இடங்களை இதே பொறுமையுடன் செய்யுங்கள்.

எனினும், கையால் நீட்டுவதில் மட்டும் நம்பிக்கை வைக்க வேண்டாம். சில நிமிடங்கள் நீட்டிய தசை நாள் முழுவதும் சுருங்கிய நிலையில் கிடந்தால் பயன் தங்காது. தசையின் நீளத்தைக் காப்பாற்றுபவை, மூட்டைச் சரியான நிலையில் பிடித்துவைக்கப் பல மணித்தியாலம் அணியும் ஸ்பிளின்ட் என்னும் தாங்கியும், பாரம் கொடுத்து நிற்பதும்தான். ஸ்பிளின்ட்டை முதல் நாள் அரை மணித்தியாலம் அணிவித்துக் கழற்றிப் பாருங்கள். தோலில் தெரியும் சிவப்பு 20 முதல் 30 நிமிடத்துக்குள் மறைந்தால் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். மறையாவிட்டால் அணிவிப்பதை நிறுத்தி, செய்து தந்தவரிடம் திருத்தக் கொண்டு போங்கள். நம் ஊர் வெயிலில் வியர்வை தேங்கித் தோல் பிய்ந்துவிடும் என்பதால், உள்ளே சுருக்கமில்லாத பருத்திக் காலுறை கட்டாயம் வேண்டும்.

எண்ணெய் தேய்ப்பதையும் முறிவு நெரிவு வைத்தியரிடம் காட்டுவதையும் பல குடும்பங்கள் விரும்புகின்றன. மென்மையாக எண்ணெய் தேய்ப்பதில் தீங்கில்லை. தாயின் கை படுவதே பிள்ளைக்கு ஆறுதல். ஆனால் இறுகிய மூட்டை வலிந்து முறுக்குவதையோ நெட்டி எடுப்பதையோ யார் செய்தாலும் அனுமதிக்காதீர்கள். பல மாதம் நிற்காமல் கிடந்த பிள்ளையின் எலும்பு மெலிந்திருக்கும். சிறு விசையிலும் முறியலாம். கடுமையான தலைக் காயத்துக்குப் பின் சில பிள்ளைகளுக்கு இடுப்பு, முழங்கை போன்ற மூட்டுகளைச் சுற்றியுள்ள தசைக்குள் எலும்பு வளர்வதும் உண்டு. ஒரு மூட்டு சூடாகி, வீங்கி, முன்னர் அசைந்த அளவுகூட அசையாமல் போனால், அந்த மூட்டுக்குரிய பயிற்சியை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள்.

செய்து கொடுக்காமல் செய்ய விடுதல்

இந்த வழிகாட்டியில் நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது இந்தப் பகுதியைத்தான். உயிர் பிழைத்து வந்த பிள்ளைக்குத் தண்ணீர்க் கோப்பையை வாயருகே கொண்டு போகாத தாய் இல்லை. அந்த அன்பைக் குறை கூற எவருக்கும் உரிமையில்லை. ஆயினும் ஒவ்வொரு முறையும் கோப்பை வாய்க்கு வரும்போது, அதை நோக்கிக் கை நீட்டும் ஒரு வாய்ப்பை மூளை இழக்கிறது. ஆகவே, விழுங்குவதற்கு அனுமதி கிடைத்த பிள்ளைக்கு, கோப்பையைக் கை எட்டும் தூரத்தில் வைத்துவிட்டு, மனதுக்குள் 10 வரை எண்ணுங்கள். காயமடைந்த மூளை சொன்னதைப் புரிந்து, கட்டளையை அனுப்பிக் கையை அசைக்க நேரம் எடுக்கும். நாம் பொறுமையிழந்து கோப்பையை எடுத்துக் கொடுக்கும் அந்தக் கணத்தில்தான் பெரும்பாலும் கை அசையத் தொடங்கியிருக்கும். ஒரு நேரத்தில் ஒரு சொல், ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். நால்வர் சூழ்ந்து நின்று நான்கு விதமாக ஊக்கப்படுத்தினால் பிள்ளை குழம்பி ஒன்றும் செய்யாது.

இருந்த நிலையிலிருந்து எழுந்து நிற்பதே கால்களுக்கான தலையாய பயிற்சி. பாதங்கள் தரையில் பதியும் உயரமுள்ள வாங்கு ஒன்றில் இருத்தி, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்து வையுங்கள். பிள்ளை முன்னோக்கிக் குனிய வேண்டும். மூக்கு கால்விரல்களுக்கு மேல் வரும்வரை குனிந்தால் பிட்டம் தானாக வாங்கிலிருந்து உயரும். பலவீனமான முழங்காலை உங்கள் முழங்காலால் தாங்கிக்கொண்டு, இடுப்பில் கை கொடுங்கள். எழுந்தபின் சிறிது நேரம் நின்று, பொத்தென்று விழாமல் மெதுவாக இருக்கப் பழக்குங்கள், ஏனெனில் மெதுவாக இறங்கும்போதுதான் தொடைத் தசை அதிகமாக உழைக்கிறது. மிகவும் கடினமாக இருந்தால் வாங்கின் மேல் தலையணை வைத்து உயரத்தைக் கூட்டுங்கள்; எளிதானால் அகற்றுங்கள். ஒவ்வொரு வேளை உணவுக்கு முன்னரும் 5 தடவை என்று வைத்துக்கொண்டால், பயிற்சி என்ற பெயரே இல்லாமல் அது நாளின் ஓர் ஒழுங்காகிவிடும்.

நடக்கத் தொடங்கும் பிள்ளையின் இரு கைகளையும் முன்னின்று மேலே தூக்கிப் பிடித்து நடத்தாதீர்கள். அப்போது பாரம் உங்கள் கைகளில் தொங்கும், கால் பாரத்தைப் பழகாது. பின்னால் நின்று இடுப்பெலும்பின் இருபுறமும் பிடித்து, பாரம் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறுவதற்கு மட்டும் உதவுங்கள்.

கைக்கு வீட்டிலேயே வேலை நிறைய உண்டு. ரொட்டிக்கு மா குழைப்பது, ஈரத் துவாயைப் பிழிவது, டப்பாவின் மூடியைத் திறப்பது, உடுப்புக் காயவைக்கும் கிளிப்பைக் கொடியில் மாட்டுவது, கடற்கரையில் பொறுக்கிய சிப்பிகளையும் சோகிகளையும் நிறம் பார்த்துப் பிரிப்பது ஆகியவற்றில் பலவற்றுக்கு இரண்டு கையும் தேவைப்படும். பலவீனமான கை பிடித்துக்கொள்ளும் வேலையையாவது செய்யட்டும். உடுப்பு அணியும்போது பலவீனமான கையை முதலில் நுழைத்து, கழற்றும்போது கடைசியாக எடுக்கச் சொல்லிக் கொடுங்கள். நல்ல கைக்கு உறை மாட்டி, பலவீனமான கையை மட்டும் பயன்படுத்தச் செய்யும் முறையும் உண்டு. அது பலன் தரும் முறைதான். ஆனால் விரல்களைச் சிறிதேனும் திறக்கும் பிள்ளைக்கே பொருந்தும், சிகிச்சையாளர் நேர அளவு குறித்துத் தந்த பிறகே தொடங்க வேண்டும், நடக்கும்போது உறை இருக்கக் கூடாது.

களைப்பு

மூளைக் காயத்தின் பின் வரும் களைப்பை வெளியில் இருப்பவர்கள் சோம்பல் என்று எண்ணிவிடுகிறார்கள். காலையில் நடந்த பிள்ளை மாலையில் நிற்கவே மறுத்தால் அது அடம் அன்று. எரிச்சல், கொட்டாவி, கால் இழுபடுதல், பேச்சுக் குழறுதல் ஆகியவை ஓய்வு தேவை என்பதற்கான அறிகுறிகள். ஒரே மூச்சில் ஒரு மணித்தியாலம் செய்வதைவிட, 10 நிமிடங்களாகப் பல தடவை செய்வது நல்லது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் பயிற்சியைக் காலை 9 மணிக்கு முன்னரும் மாலை வெயில் தாழ்ந்த பின்னரும் வைத்துக்கொள்ளுங்கள். காயத்தின் பின் சில பிள்ளைகளுக்கு உடல் வெப்பத்தைச் சீர்படுத்தும் ஆற்றலும் குறைந்திருக்கும்.

கடற்கரையும் கன்னியாவும்

வீட்டுத் தரையில் உறுதியாக நடக்கும் பிள்ளைக்கு உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரை மணல் அடுத்த படியாகும். ஒவ்வோர் அடியிலும் மணல் சரிவதால் கணுக்காலும் இடுப்பும் சமநிலையைத் தேட வேண்டியிருக்கும். முதலில் நீரோரத்து ஈர மணலில் நடக்கவிட்டு, பிறகு காய்ந்த மணலுக்கு வாருங்கள். நம் பக்கத்துக் கடல் ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரை அமைதியாக இருக்கும். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் இறங்கவே கூடாது. அமைதியான நாளிலும் பெரியவர் ஒருவரின் கை பிள்ளையின் உடலை விட்டு அகலக் கூடாது. வலிப்பு கட்டுப்பாட்டுக்குள் வராத பிள்ளையும், கழுத்தில் மூச்சுக்குழாய்த் துளை உள்ள பிள்ளையும் கடலில் இறங்கலாகாது.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குக் கொண்டுபோய் வார்த்தால் குணமாகும் என்று உறவினர் சொல்வார்கள். இளஞ்சூடான நீர் இறுகிய தசையைச் சற்று நேரம் தளர்த்தும். மூளைக் காயத்தை அது ஆற்றாது. போவதானால், கிணறுகளின் சூடு ஒன்றுபோல் இராது என்பதையும், உணர்ச்சி குறைந்த பக்கத்தில் பிள்ளைக்குச் சூடு தெரியாது என்பதையும் நினைவிற்கொண்டு, உங்கள் முழங்கையால் சோதித்த பிறகே நீரை வார்த்துவிடுங்கள். ஈரத் தரையில் பிள்ளையை நிற்க வைக்காமல் இருத்தி வார்க்கவும்.

உடனே செயற்பட வேண்டிய நேரங்கள்

வலிப்பு வந்தால் பிள்ளையைப் பக்கவாட்டில் சரித்து, தலைக்கு அடியில் மெத்தென்ற ஒன்றை வைத்து, நேரத்தைப் பாருங்கள். கையில் இரும்புச் சாவி கொடுப்பதோ, வாயில் கரண்டியோ நீரோ வைப்பதோ வேண்டாம். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால், அல்லது நினைவு திரும்புவதற்குள் மறுபடியும் வந்தால், 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வழக்கத்துக்கு மாறான தூக்கம், நடந்த பிள்ளை நடையை இழப்பது, மண்டையோடு அகற்றிய இடம் புடைப்பது ஆகியவையும் அதே நாளில் வைத்தியசாலைக்குப் போக வேண்டிய அறிகுறிகள். நீர் அருந்தும்போது இருமல், ஈரமான குரல், காரணமில்லாக் காய்ச்சல் ஆகியவை உணவு நுரையீரலுக்குள் போவதைக் காட்டலாம். நிமிர்த்தி இருத்தியே ஊட்டுங்கள், ஊட்டிய பின் அரை மணித்தியாலம் படுக்க வைக்காதீர்கள், விழுங்குவதையும் பரிசோதிக்கும் பேச்சு மொழிச் சிகிச்சையாளரிடம் காட்டுங்கள்.

பாடசாலையும் வளர்ச்சியும்

பாடசாலைக்கு முதலில் இரண்டு பாடவேளை, பிறகு அரை நாள் என்று கூட்டுவது நல்லது. படிக்கட்டு, மலசலகூடம், வகுப்பில் இருக்கும் இடம் ஆகியவற்றைப் பற்றி அதிபருடன் முன்கூட்டியே பேசுங்கள். இன்னொரு தலைக் காயம் இதுவரை பெற்றதையெல்லாம் பறித்துவிடக்கூடும். மோட்டார் சைக்கிளின் பெற்றோல் தாங்கியின் மேல் பிள்ளையை இருத்திக்கொண்டு கடைக்குப் போகும் வழக்கத்தை இத்துடன் விட்டுவிட வேண்டும்.

பிள்ளை வளர்வதால் சிகிச்சையும் முடிந்துவிடுவதில்லை. எலும்பு வேகமாக நீளும் வயதுகளில் இறுகிய தசை அதனுடன் சேர்ந்து நீளாததால், நன்றாக நடந்துகொண்டிருந்த பிள்ளை மறுபடியும் குதிகால் தூக்கி நடக்கலாம். நடக்காத பிள்ளைக்கு இடுப்புமூட்டு மெல்ல விலகக்கூடும். வலி வருவதற்கு முன்னரே எக்ஸ்றே எடுத்துப் பார்க்க வேண்டுமா என்று கிளினிக்கில் கேளுங்கள். வைத்தியசாலையில் தங்கிப் பெறும் நீண்ட காலப் பயிற்சி தேவைப்பட்டால் கொழும்பு லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு அனுப்புவதைப் பற்றியும், வளர்ந்த பிள்ளையாயின் ராகமை, திகனைப் புனர்வாழ்வு வைத்தியசாலைகள் பொருந்துமா என்பதைப் பற்றியும் ஆலோசக வைத்தியரிடம் பேசலாம். ஒவ்வொரு கிளினிக்கிற்கும் முதல் நாள், பிள்ளை நடப்பதை முன்னாலும் பக்கவாட்டிலும் நின்று காணொளி எடுத்து, ஸ்பிளின்ட்டின் விளிம்பைக் கால்விரல் தாண்டியிருக்கிறதா என்று பார்த்து, புதிதாகச் செய்ய முடிந்தவற்றையும் கைவிட்டவற்றையும் கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள்.